கள்ளனின் கத்தியில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் இளைஞர் பக்கத்தில், கற்பனை உலகப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் பத்திரிகைகளில் கேம் என்ற சொல் வந்தால் ஒன்றில் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புலம்பலாக இருக்கும், இல்லாவிட்டால் போன் விளம்பரமாக இருக்கும். ஒருவர் மினக்கெட்டு விதிகளைப் பற்றி எழுதியிருந்தது மெத்தச் சந்தோசம். ஆனால் அவர் கடைசியில் சொன்ன தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

பதுங்கித் திரியும் கள்ளன் மற்றக் கிளாஸ்கள் (போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகள்) எல்லாவற்றையும் விழுங்குகிறான், பின்னால் வந்து ஒரே குத்தில் கதையை முடிக்கிறான், கூட வந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், ஆகவே அவனுடைய மறைகுத்தின், அதாவது எதிரி அசந்த நேரம் பார்த்துக் குத்தும் குத்தின், டமேஜைப் பாதியாக வெட்ட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். கூட வந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது முழு உண்மை. அதற்கும் குத்துக்கும் சம்பந்தமில்லை.

நான் கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். போயா நாட்களில் வகுப்பு வைப்பதில்லை. அன்று பின்னேரம் அதே கொட்டிலில் வாங்குகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, ஒரு மேசையைச் சுற்றி இருந்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, செய்வது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு அது. கதையை நடத்துவது நான். என் சின்னம்மாவின் மகன் கள்ளன். காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் போர்வீரன். தலையில் இருந்து கால் வரை தகட்டுக் கவசம். வந்தாறுமூலையில் கம்பஸ் படிக்கும் தங்கச்சி ஒருத்தி மந்திரக்காரி. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா பூசகர். அவர்தான் எல்லாருக்கும் காயம் ஆற்றுவார், எல்லாருக்கும் புத்தியும் சொல்வார்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், எனக்கு அது தொழில். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, ஐந்தாம் லெவல் கள்ளன் குறுவாளால் குத்தினால் ஆறுமுகப் பகடை ஒன்று, மறைகுத்துக்கு மேலும் மூன்று, கைச்சுறுக்குக்கு 4. பகடை ஒன்றுக்குச் சராசரி மூன்றரை. ஆக மொத்தச் சராசரி 18. அதே லெவல் போர்வீரன் தன் முறையில் இருகை வாளை இரண்டு தரம் வீசுவான். ஒரு வீச்சுக்கு இரண்டு பகடையும் 4உம், அதாவது 11. இரண்டும் பட்டால் 22. மந்திரக்காரியின் தீயுருண்டை எட்டுப் பகடை, சராசரி 28. அதுவும் ஒருவனுக்கு அல்ல. 20 அடி ஆரைக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும். குனிந்து தப்பினவனுக்கும் பாதி உண்டு. இதில் யாருடைய அடியைப் பாதியாக வெட்டுவது?

இன்னொன்றும் இருக்கிறது. குறி தப்பும் நிகழ்தகவு 0.35 என்று எடுங்கள். ஒரேயொரு குத்தை நம்பியிருப்பவன் நூறு முறையில் 35 முறை வெறுங்கையோடு திரும்புவான். இரண்டு தரம் வீசுபவன் முழுதாக வெறுங்கையாவது 0.35ஐ 0.35ஆல் பெருக்கினால் வருவது, நூற்றில் 12 முறை. கள்ளன் மற்றக் கையிலும் ஒரு கத்தி வைத்திருக்கலாமே என்பீர்கள். வைத்திருக்கலாம். 2014 விதியில் அந்த இரண்டாம் குத்துக்குப் போனால், குத்திவிட்டு ஓடி ஒளிகிற வசதியை அந்த முறைக்கு விட வேண்டும். பெலன் குறைந்தவனுக்கு அந்த ஓட்டம்தான் கவசம்.

கட்டுரையாளர் கண்டு பயந்தது மறைகுத்தை அல்ல, 2014 புத்தகத்தில் கள்ளனுக்குள் வரும் கொலைகாரப் பிரிவை என்று நினைக்கிறேன். எதிர்பாராமல் திகைத்து நிற்பவன் மேல் அவனுடைய அடி பட்டால் பகடை எல்லாம் இரட்டிப்பு. அதோடு, திகைத்தவன் முதல் சுற்றில் ஒன்றும் செய்ய ஏலாது. இது கொஞ்சம் கூடித்தான் போனது, ஒத்துக்கொள்கிறேன். 2024இல் திருத்திய புத்தகத்தில் திகைத்தவனுக்கு முறை பறிபோவதில்லை. யார் முந்துவது என்று உருட்டும்போது இரண்டு தரம் உருட்டிக் குறைந்ததை எடுப்பான், அவ்வளவுதான். மழுக்க வேண்டிய இடத்தை அவர்களே மழுக்கிவிட்டார்கள்.

அப்படியென்றால் வேடிக்கை பார்க்க வைப்பது எது? எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் பார்த்தே கதைக்கு ஒரு கோட்டை கீறியிருந்தேன். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. நாலு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. விளையாடுகிற எல்லாருக்கும் கண்ணை மூடினாலும் தெரியும் என்பதால் விளக்கும் வேலை மிச்சம். கதையில் அங்கே ஒரு சூனியக்காரன் கடல் வரைபடங்களைப் பூட்டி வைத்திருக்கிறான். தம்பி சொன்னான், "நான் முதல்ல போய்ப் பாத்திட்டு வாறன்." கள்ளன் வேறு என்ன செய்வான்? அவன் படித்த வித்தையே அதுதானே. வாவிப் பக்கத்தால் நீந்திப் போனான், உருட்டு. மதிலில் ஏறினான், உருட்டு. காவலாளி திரும்புகிறான், உருட்டு. பூட்டு, உருட்டு. அடுத்த கதவு, இன்னோர் உருட்டு.

மறுகா என்ன? போஸ்ட்மாஸ்டர் ஐயா உங்கள் பத்திரிகையின் குறுக்கெழுத்தை எடுத்து வைத்துக்கொண்டார். தங்கச்சி போனுக்குள் இறங்கிவிட்டாள். நானா றோல்ஸ் தட்டை வழித்துத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், நான் இஞ்ச டைஸ் உருட்ட வந்தனா, றோல்ஸ் தின்ன வந்தனா?" கள்ளனுக்காவது சந்தோசமா என்றால் அதுவும் இல்லை. "அக்கா, நான் வெண்டா இவங்க கொட்டாவி விடுறாங்க. பிடிபட்டா மட்டும்தான் நிமிந்து இருக்கிறாங்க" என்றான்.

அந்தப் பின்னேரம் முழுக்க ஒருவரும் ஒருவரையும் குத்தவில்லை. கட்டுரையாளர் சொல்வது போல மறைகுத்தைப் பாதியாக வெட்டியிருந்தாலும் நானா அதே றோல்ஸைத்தான் தின்றிருப்பார். கள்ளன் களவெடுப்பது எதிரியின் உயிரை அல்ல, மேசையில் இருப்பவர்களின் நேரத்தை. அதையும் அவனாக எடுக்கவில்லை, விதிகள் எடுத்துக் கொடுக்கின்றன.

இந்தக் குறை விளையாட்டின் குழந்தைப் பருவத்திலேயே வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிகளில் கள்ளனே இல்லை. போர்வீரன், மந்திரவாதி, பூசகர், மூன்றே பேர்தான். பதுங்க வேண்டுமென்றால் யாரும் பதுங்கலாம், எப்படிப் பதுங்குகிறாய் என்று வாயால் சொன்னால் போதும். 1975இல் கிரேஹோக் என்ற இணைப்பு நூலில் கள்ளன் வந்தான். சத்தமின்றி நடக்க இத்தனை வீதம், நிழலில் ஒளிய இத்தனை வீதம் என்று அவனுக்கு ஓர் அட்டவணையும் வந்தது. அட்டவணை வந்ததும் மற்றவர்கள் எல்லாரும் தங்களுக்கு அது இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் பதுங்கப் பழகினான், ஊரே சத்தம் போட்டு நடக்கத் தொடங்கியது.

அவனுக்காவது வாய்த்ததா? 1978 விதிநூலில் முதலாம் லெவல் கள்ளனுக்குச் சத்தமின்றி நடக்க 15 வீதம், நிழலில் ஒளிய 10 வீதம். இரண்டும் ஒன்றாகப் பலிக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு ஒன்றரை. நூறு முறை போனால் தொண்ணூற்றெட்டு முறை பிடிபடுகிறவனுக்குக் கள்ளன் என்று பேர்!

இப்போதைய விதிகளில் அந்த வீதம் நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் நடத்துபவர்கள் அடிக்கடி உருட்டச் சொல்லி அதைத் திரும்பவும் கீழே இறக்கிவிடுகிறார்கள். ஒரு உருட்டில் 85 வீதம் வெல்லும் கெட்டிக்காரக் கள்ளன் ஆறு கதவுக்கு ஆறு தரம் உருட்டினால், ஆறும் பலிப்பது 38 வீதம்தான். என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் எல்லாரும் 85 என்றுதான் முதலில் சொல்கிறார்கள். ஆகவே எங்கள் மேசையில் கோட்டைக்குள் போவதற்கு ஒரு உருட்டு, வெளியே வருவதற்கு ஒரு உருட்டு. இடையில் நிலைமை மாறினால் மட்டும் இன்னொன்று. கள்ளனுக்கும் நீதி, நானாவின் நேரத்துக்கும் நீதி.

அதைவிடப் பெரிய மருந்து 2014 புத்தகத்திலேயே இருக்கிறது. ஏன் பலர் அதைத் தாண்டிப் போகிறார்களோ தெரியவில்லை. எல்லாரும் சேர்ந்து பதுங்கும்போது, பாதிப் பேருக்காவது பலித்தால் முழுக் குழுவுக்கும் பலித்ததாக எடுக்கலாம் என்ற விதி. எங்கள் நாலு பேருக்கும் போட்டுப் பார்த்தேன். கள்ளனுக்கு 85 வீதம், மந்திரக்காரிக்கும் பூசகருக்கும் 60 வீதம். நானாவுக்கும் 60தான், ஆனால் தகட்டுக் கவசம் போட்டவன் இரண்டு தரம் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும், அதனால் 36. நாலு பேருக்கும் பலித்தே ஆக வேண்டும் என்றால் 11 வீதம். இந்தக் கணக்குத் தெரியாமலே நாங்கள் எல்லாரும் "நீ தனியப் போயிட்டு வா" என்கிறோம், ஏனென்றால் உள்மனம் அந்த 11ஐ உணர்கிறது. இரண்டு பேருக்குப் பலித்தால் போதும் என்றால் 84 வீதம்! கள்ளனின் இடத்தில் இன்னொரு 60 வீதக்காரனை வைத்தால் அது 75ஆக இறங்கும். அதாவது கள்ளனின் திறமை வீணாகவில்லை, அவன் மற்றவர்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறான். நானாவும் இரும்புச் சட்டையோடு உள்ளே வருகிறார்.

மறைகுத்து விதியை எழுதியவர்களுக்கும் இந்த எண்ணம் இருந்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் கள்ளன் மறைந்திருந்துதான் குத்த வேண்டும் என்றில்லை. அவன் குறிவைக்கும் ஆளுக்கு ஐந்து அடிக்குள் அந்த ஆளின் வேறொரு எதிரி நின்றாலே போதும், மறைகுத்துக் கிடைக்கும். ஒரு முறைக்கு ஒரு தரம்தான். இதை முதலில் வாசித்தபோது எனக்கு வாலி வதைதான் ஞாபகம் வந்தது. எதிரே நின்று பொருதுபவனின் பெலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும். அப்படிப்பட்டவனோடு நேரே போய் வாள் வீசுகிற கிளாஸ் எதுவும் வெல்லாது. சுக்கிரீவன் வாசலில் நின்று கூப்பிட்டு மல்லுக்கு இழுக்கிறான். இராமன் மரத்துக்குப் பின்னால். முதல் தரம் அண்ணன் எது தம்பி எது என்று அடையாளம் தெரியாமல் அம்பு விட ஏலவில்லை. இரண்டாம் தரம் சுக்கிரீவனுக்குப் பூமாலை. அது தருமமா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை, அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். விளையாட்டு விதியாகப் பார்த்தால் மறைந்து நின்றவன் தனியாக வெல்லவில்லை. அடி வாங்கிக்கொண்டு முன்னால் நிற்க ஒருவன் வேண்டியிருந்தது, அந்த ஒருவன் சத்தம் போட வேண்டியும் இருந்தது.

நான் அடுத்த போயாவுக்கு அதே கோட்டையை அதே இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கினேன். இந்த முறை கேட்டது ஒன்றுதான்: "கள்ளன் வாவிப் பக்கத்தால வரும்போது மற்ற ஆக்கள் என்ன செய்றீங்க?" நானா எழும்பியே நின்றுவிட்டார். அவருடைய போர்வீரன் அகழிப் பாலத்தால் கடகடவென்று நடந்து போய், வாசல் காவலாளியிடம் வரிச் சண்டை தொடங்கினான். "உப்புக்கு வரி எண்டா சரி, உடுத்த சட்டைக்கும் வரியாகா?" என்று நானா மேசையில் அடித்த அடியில் பகடைகள் துள்ளின. புடைவைக்கடை நடத்துகிறவருக்கு வரியைப் பற்றிக் கத்த நடிப்பு எதற்கு? போஸ்ட்மாஸ்டர் ஐயா சமாதானம் பேசுகிற சாட்டில் இன்னும் இரண்டு காவலாளிகளை அந்தப் பக்கம் இழுத்தார். காவலாளிக்குக் கவனிப்பது சிரமம் என்று நடத்துபவர் தீர்மானித்தால் அவனுடைய கவனிப்பில் 5 குறையும் என்பது புத்தக விதி, நான் குறைத்தேன். மதிலில் ஏறத் தம்பி உருட்டியதும் வாசலுக்குத் தாவினேன், வாசலில் நானா உருட்டியதும் மதிலுக்குத் தாவினேன். குறுக்கெழுத்தை யாரும் தேடவில்லை. தகட்டுக் கவசத்தின் சத்தம் அன்று குறையாக இருக்கவில்லை, குழுவின் ஆயுதமாக இருந்தது.

பதுங்கலுக்கு முறிவும் வேண்டும், அதில் கட்டுரையாளரோடு ஒத்துப்போகிறேன். நாய் மோப்பம் பிடிக்கும். நீரில் நனைந்த கால் தடம் விடும். மறைந்தவனைக் காட்டும் மந்திரமும் புத்தகத்தில் உண்டு. ஆனால் சில நடத்துநர்கள் கள்ளன் ஒரு தரம் வென்றுவிட்டால், அடுத்த வாரம் கதவுக்குக் கதவு இருட்டில் பார்க்கிற காவலையும் சுவருக்குச் சுவர் எச்சரிக்கை மணியையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அது சமநிலை இல்லை, பழிவாங்கல். இந்திரசித்து மேகத்துக்குள் மறைந்து நின்று நாகபாசம் விட்டான், அவனை வெல்லவும் ஒரு முறிவு இருந்தது: நிகும்பலை யாகத்தைக் குலைக்க வேண்டும். அதை வீடணன் சொல்லித் தெரிந்துகொண்டுதான் போனார்கள். முறிவு முன்கூட்டியே தெரிய வழி இருக்க வேண்டும், அதைத் தேடிப் பிடிப்பதும் விளையாட்டாக இருக்க வேண்டும். கோட்டைக்குள் நாய் இருக்கிறதென்றால் சந்தையில் இறைச்சி விற்கிறவனுக்கு அது தெரிந்திருக்கும் அல்லவா?

கொம்பியூட்டர் கேம்களையும் கட்டுரையாளர் இதே தராசில் போட்டிருந்தார். அங்கே இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். 2006இல் வந்த ஒப்லிவியனில் உடுப்புகளில் மாயம் ஏற்றி உருமறைப்பை 100 வீதமாக்கினால் எதிரி முன்னால் நின்று அடித்தாலும் அவனுக்குத் தெரியாது. 2011இல் வந்த ஸ்கைரிமில் உரிய திறன்களை எடுத்தவன் பதுங்கி நின்று குத்தும் குத்துவாள் 15 மடங்கு வேலை செய்யும். இவை தனி ஆள் விளையாட்டுகள். விளையாடுகிறவனுக்கு அலுக்கும், அவ்வளவுதான். வேறு யாருடைய நேரமும் போகவில்லை. 2004இல் தொடங்கிய வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் வேறு, அது பலர் ஒன்றாக இன்டர்நெட்டில் விளையாடுவது. அங்கே மறைவில் இருந்து வருகிறவன் அடுத்தவரைத் திகைக்க வைத்து, அந்தத் திகைப்பு முடிய இன்னொன்று போட்டு, உயிருள்ள மனிதர் ஒருவரைக் கீபோர்டில் கை வைத்தபடி சும்மா இருக்க வைக்கலாம். அதற்கு அவர்கள் வைத்த மருந்து டமேஜில் இல்லை. ஒரே வகைத் திகைப்பு அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது பாதி நேரம், மூன்றாவது கால்வாசி நேரம், பிறகு பலிக்காது என்று விதி எழுதினார்கள். அங்கேயும் வெட்டியது நேரத்தைத்தான்.

அடுத்த வாரம் மந்திரக் கிளாஸ்களைப் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தால் அதை வைக்க வேண்டிய இடத்தை நான் காட்டுகிறேன். பூட்டைத் திறக்கும் மந்திரம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் கதவு திறக்கும், கூடவே 300 அடிக்குக் கேட்கும்படி பெரிய தட்டுச் சத்தமும் வரும். அருமையான விதி அது. மந்திரக்காரியால் திறக்க முடியும், சத்தமின்றித் திறக்கக் கள்ளன் வேண்டும். ஆனால் வனக்காரர்களுக்குச் சுவடின்றிப் போகும் மந்திரம் ஒன்றைக் கொடுத்தவர்கள் இந்த நிதானத்தை மறந்துவிட்டார்கள். ஐந்தாம் லெவல் கள்ளனின் கைச்சுறுக்கு 4, பதுங்கலில் அவனுடைய இரட்டிப்புத் தேர்ச்சி 6, இரண்டும் சேர்த்து அவன் பகடையில் கூட்டுவது 10. அந்த மந்திரமோ ஒரே உச்சாடனத்தில் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கு 10 கூட்டுகிறது. எங்கள் நானாவுக்கும்தான். கதவு மந்திரத்துக்குச் சத்தத்தை விலையாக வைத்தவர்கள் இதற்கும் ஒரு விலை வைத்திருக்க வேண்டும். என்ன விலை என்பதைக் கட்டுரையாளரிடம் இருந்து அறிய ஆவலாக இருக்கிறேன். மேசையில் அதைப் போட்டுப் பார்க்க நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.